நகத்தில் எழுதப்படாதது

மக்ரிப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. கல்யாண வீட்டின் உள்மண்டபத்தில் மணமகளுக்கு மருதோன்றி இட்டுக்கொண்டிருந்தவர்கள் கோன்களை ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தொழுவதற்காக எழும்பினார்கள். ஒருத்தி மட்டும் எழும்பவில்லை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். பத்து விரல்களிலும் அடர்ந்த சிவப்பில் கியூடெக்ஸ் பூசியிருந்தாள். மோதிர விரல்கள் இரண்டிலும் மட்டும் அந்தச் சிவப்பின் மேல் பொன்னிறத்தில் மெல்லிய கொடியொன்று ஓடியது. நேரமெடுத்து, ஆசைப்பட்டுச் செய்த வேலை.

“என்ன மகள், இண்டைக்குத் தொழுகையில்லையா?” என்று கேட்டேன்.

அன்பாகத்தான் கேட்கிறேன் என்று அப்போது நினைத்தேன். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். வாசலில் கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்த பொடியன்மாருக்கும் என் கேள்வியும் அந்தச் சிரிப்பும் கேட்டிருக்க வேண்டும். அவள் பதில் சொல்லவில்லை. விரல்களை மடித்து ஷோலின் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள். நான் கேட்டது மார்க்கத்தின் கேள்வியா அல்லது வேறெதனுடையதுமா என்ற சந்தேகம் அன்றிரவு தொடங்கியது. இன்னும் முற்றாகத் தீரவில்லை.

நகப்பூச்சு பற்றிய சட்டத்தில் எனக்குக் குழப்பம் இல்லை. வுழூவின்போது கைகளை முழங்கை வரை கழுவ வேண்டும் என்பது அல்குர்ஆனின் 5ஆம் அத்தியாயம் 6ஆம் வசனத்தில் வரும் கட்டளை. நகமும் கையின் பகுதிதான். நீர் அதனை அடையாவிட்டால் வுழூ நிறைவேறாது. 16ஆம் நூற்றாண்டில் மலபாரின் ஸைனுத்தீன் மக்தூம் எழுதிய ‘பத்ஹுல் முஈன்’, ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நமது மத்ரஸாக்களில் நெடுங்காலமாக ஓதப்பட்டு வரும் நூல். நீரைத் தடுக்கும் பொருட்களைச் சொல்லும் இடத்தில் அது மெழுகையும் உறைந்த எண்ணெயையும் குறிப்பிட்டுவிட்டு, மைக்கும் மருதோன்றிக்கும் ஓர் அழகான பிரிவினையைச் செய்கிறது. அவற்றின் ‘ஐன்’, அதாவது பொருள், உறுப்பின் மீதிருந்தால் அது தடை. அவற்றின் ‘அஸர்’, அதாவது தடம், மட்டும் எஞ்சியிருந்தால் தடையில்லை.

இந்தப் பிரிவினை இரசாயனத்தோடும் ஒத்துப்போகிறது. மருதோன்றி இலையிலுள்ள லோசோன் எனும் சாயப்பொருள் நகத்தின் கெரட்டின் புரதத்தோடு பிணைந்துவிடுகிறது. அரைத்த இலையைக் கழுவிய பிறகு நகத்தின் மேல் எதுவும் இல்லை. சிவந்திருப்பது நகமேதான். முதல் நாள் செம்மஞ்சளாக இருக்கும் நிறம் ஓரிரு நாளில் கருஞ்சிவப்பாக முற்றுகிறது. உள்ளங்கையில் இட்டது சில வாரங்களுக்குள் மறைந்துவிடும். நகத்தில் இட்டதோ நகம் வளர்ந்து வெட்டுப்படும் வரை போகாது. விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீற்றர் வளர்கிறது. நோன்புப் பெருநாளைக்கு இட்ட சிவப்பு, ஏறக்குறைய 70 நாள் கழித்து ஹஜ்ஜுப் பெருநாள் வரும்போது பாதி நகத்துக்கு மேல் ஏறியிருக்கும். நம் மூத்தம்மாமார் அம்மியில் அரைத்து, விரல் நுனிக்குத் தொப்பியும் உள்ளங்கைக்கு ஒரு வட்டமும் வைத்துவிட்டு ஐந்து நேரமும் தொழுதார்கள். அவர்களுக்கு அழகும் வுழூவும் முரண்படவில்லை.

கியூடெக்ஸ் அப்படியல்ல. கியூடெக்ஸ் என்பது உண்மையில் ஓர் அமெரிக்க வியாபாரப் பெயர். நம் பேச்சில் அது எல்லா நகப்பூச்சுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. நைத்திரோசெலுலோசைக் கரைப்பானில் கரைத்து நிறம் சேர்த்த திரவம் அது. கரைப்பான் ஆவியானதும் நகத்தின் மேல் ஒரு படலம் எஞ்சும். அந்தக் காலத்து மோட்டார் வண்டிகளுக்கு அடித்த மெருகுப் பூச்சும் இதே வகைதான். பழைய நூலின் வார்த்தையில் சொன்னால் இது ‘ஐன்’.

2010களில் போலந்து நாட்டு இங்லொட் கம்பனியின் ‘காற்றுப் புகும்’ பூச்சொன்று முஸ்லிம் பெண்களிடையே பேசப்பட்டது. காப்பி வடிதாளில் அதைப் பூசி, மேலே நீர்த்துளி விட்டு, அடியில் ஈரம் வருகிறதா என்று பரீட்சித்துப் பார்த்தவர்களும் உண்டு. ஆனால் கழுவுதல் என்பது நீர் உறுப்பின் மீது ஓடுவதல்லவா? மெல்ல ஊறிக் கசிவதைக் கழுவுதல் என்று சொல்ல முடியுமா? இந்த ஆட்சேபம் வலுவானது என்றே எனக்குப் படுகிறது. ஆகவே சட்டத்தை இலேசாக்குவதற்காக நான் இதை எழுதவில்லை.

என் மனதைக் குடையும் விடயம், சட்டம் முடிகிற இடத்தில் தொடங்குகிறது. வுழூ கூடுமா என்பது பூசியவள் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. நாமோ அதனை ஒரு சாட்சியமாக்கிக்கொண்டோம். நகத்தில் சிவப்பு இருக்கிறது. ஆகவே வுழூ இல்லை. ஆகவே தொழுகை இல்லை. ஆகவே அவள் தொழாதவள், அல்லது ஹைழ் நாட்களில் இருப்பவள். ஒரு விரலைப் பார்த்த கண நேரத்தில் இத்தனை படிகளையும் தாண்டிவிடுகிறோம்.

அந்தப் படிகளில் ஒன்றாவது உறுதியானதா? அஸருக்கு வுழூச் செய்துவிட்டு அதன் பிறகு பூசியவளின் வுழூ, அது முறியும் வரை செல்லும். ஆகவே அதே சிவப்பு நகத்தோடு அவள் மக்ரிபும் தொழலாம். ஒருத்தி பஞ்சும் நீக்கும் திராவகமும் கைப்பையில் வைத்திருந்து, தொழும் நேரத்தில் துடைத்துவிடுகிறவளாக இருக்கலாம். இன்னொருத்தி பிரயாணத்தில் வந்தவள். மக்ரிபை இஷாவோடு சேர்த்துத் தொழ நிய்யத்து வைத்திருக்கலாம். மறுபக்கமாக, எந்த நிறமும் இல்லாத நகம் தொழுகைக்குச் சாட்சியாகுமா? அதுவும் ஆகாது. நகத்தில் எழுதியிராத ஒன்றை நாம் வாசிக்கிறோம்.

வாசிப்பு சரியாகவே அமைந்துவிடும் வேளையில் நிலைமை இன்னும் மோசம். தொழுகையில்லாத நாட்களில் மட்டும் கியூடெக்ஸ் பூசுவது நம் பெண்கள் பலரின் வழக்கம். மார்க்கத்தைப் பேணவும் வேண்டும், ஆசையையும் விட வேண்டியதில்லை என்று அவர்களே கண்டுகொண்ட வழி அது. அந்தப் பேணுதலையே நாம் அவர்களுக்கு எதிரான அறிவிப்புப் பலகையாக்கிவிட்டோம். அன்று நான் கேட்ட கேள்விக்கு அந்தப் பெண்ணிடம் இரண்டு பதில்களுக்குத்தான் இடமிருந்தது. ஒன்று, வாசலில் நிற்கும் பொடியன்மார் கேட்கத் தன் உடம்பின் நாட்கணக்கைச் சொல்வது. மற்றது, தொழுகையைப் பேணாதவள் என்ற பெயரை ஏற்றுக்கொள்வது. மூன்றாவதாக ஒன்று இருந்தது, மௌனம். அதைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள்.

நம் உம்மாமாரிடம் இதைவிட நல்ல பண்பொன்று இருந்தது. நோன்பு மாதத்துப் பகலில் ஒரு மருமகளோ மகளோ குசினி மூலையில் திரும்பி நின்று தண்ணீர் குடிப்பதைக் கண்டால், காணாததுபோல் போய்விடுவார்கள். யாரும் அதற்குப் பாடம் எடுத்ததில்லை. பிறரின் அந்தரங்கத்துக்குத் திரை போடுவதும் மார்க்கம்தான் என்று அவர்கள் விளங்கியிருந்தார்கள். குசினியில் காத்த அந்த மரியாதையை நகத்தின் விடயத்தில் நாம் ஏன் தவறவிட்டோம்?

நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது கடமையில்லையா என்று சிலர் கேட்பார்கள். கடமைதான். சட்டம் தெரியாமல் பூசிக்கொண்டு தொழும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் சொல்லிக்கொடுப்பது வேறு, துருவிப் பார்ப்பது வேறு. தவறொன்றைத் திருத்த வேண்டி வந்தபோது நபி (ஸல்) அவர்கள் ஆளின் பெயரைச் சொல்லாமல் பொதுவாகப் பேசுவதை வழக்கமாகக் கொண்டிருந்தார்கள். அதிகமான சந்தேகங்களைத் தவிர்க்கும்படியும் பிறரின் மறைவைத் துருவ வேண்டாமென்றும் 49ஆம் அத்தியாயம் 12ஆம் வசனம் தடுக்கிறது. வுழூவின் வசனத்தை மனனம் செய்த நாம் இந்த வசனத்தை ஓதும்போது மட்டும் விரைவாகக் கடந்துவிடுகிறோம். சபையில் வைத்து ஒருத்தியின் விரலைச் சுட்டியதன் பிறகு ‘அறிவுரைதானே’ என்று சொல்வதில் நேர்மை இல்லை. நான் அவளுக்குச் சட்டமா கற்பித்தேன்? இல்லை. எனக்குத் தெரிந்த சட்டத்தை அங்கிருந்தவர்களுக்குக் காட்டினேன். அவ்வளவுதான்.

அபூதாவூதில் ஒரு செய்தி வருகிறது. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை நபியவர்களிடம் கடிதமொன்றை நீட்டியது. அது ஆணின் கையா பெண்ணின் கையா என்று தெரியவில்லை என்றார்கள். பெண்ணின் கை என்று பதில் வந்தபோது, நீ பெண்ணாயிருந்தால் நகங்களை மருதோன்றியால் நிறம் மாற்றியிருப்பாயே என்ற கருத்தில் பேசினார்கள். இதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஹதீஸ்கலையினரிடையே வேறுபட்ட கருத்துகள் உண்டு. எனினும் அந்தக் காட்சியில் நான் ஒன்றைக் கவனிக்கிறேன். நகத்தின் சிவப்பிடம் அங்கே எதிர்பார்க்கப்பட்டது, இது ஒரு பெண்ணின் கை என்ற ஒரேயொரு செய்திதான். திரை திரையாகவே இருந்தது.

பெண்ணின் சிவப்பை வைத்து அவளை வாசிப்பது நாம் மட்டும் செய்யும் வேலையல்ல. 1932இல் தொடங்கிய ரெவ்லோன் கம்பனி 1952இல் ‘நெருப்பும் பனியும்’ என்ற பெயரில் ஒரு சிவப்பை உதட்டுக்கும் நகத்துக்குமாக விற்றது. அதன் விளம்பரத்தில் ஒரு கேள்விப் பட்டியல் இருந்தது. தான் அந்தச் சிவப்புக்கு ஏற்ற துணிச்சல்காரியா என்பதைப் பதில்களைக் கொண்டு பெண் தெரிந்துகொள்ள வேண்டுமாம். விளம்பரக்காரர் சிவப்பைப் பார்த்துத் துணிச்சல் என்கிறார். நாம் அதே சிவப்பைப் பார்த்துத் தொழுகையில்லை என்கிறோம். இரு தரப்பாரும் பூசியவளிடம் கேட்காமலேயே அவளைப் பற்றிய பதிலை எழுதி முடித்துவிட்டார்கள். கடையில் பத்துச் சிவப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்து, செங்கல் நிறம் வேண்டாம், செர்ரி நிறம் வேண்டாம், இந்த அடர்ந்ததுதான் என் கைக்குப் பொருந்துகிறது என்று அவள் தெரிந்தெடுத்திருப்பாள். அதில் யாருக்கும் எந்தச் செய்தியும் இல்லாதிருக்கலாம். நன்றாயிருக்கிறது என்ற சந்தோஷம் மட்டுமே இருந்திருக்கலாம்.

நகத்தில் விழும் இன்னொரு நிறத்தையும் நாம் அறிவோம். தேர்தல் நாளில் சின்ன விரலில் பூசப்படும் அழியா மை. அதிலுள்ள வெள்ளி நைத்திரேற்று, மருதோன்றியைப் போலவே, நகத்தில் தடமாகப் பதிந்து, நகம் வளர்ந்துதான் வெளியேறுகிறது. ‘பத்ஹுல் முஈன்’ மையையும் மருதோன்றியையும் ஒரே மூச்சில் சொன்னது நினைவுக்கு வருகிறது. இந்த நாட்டில் 1931இலிருந்து ஆண்களோடு பெண்களும் வாக்களித்து வருகிறார்கள். அந்தக் கறை, இவள் வந்து வாக்களித்தாள் என்பதை மட்டும் சொல்லும். யாருக்கு என்பதைச் சொல்லாது. அதைக் கேட்பது அநாகரிகம் என்று நம்மில் படிக்காதவருக்கும் தெரியும். வாக்குப்பெட்டிக்குக் கொடுக்கும் இந்த மரியாதை, ஓர் அடியாளுக்கும் அவளது இரட்சகனுக்கும் இடையிலுள்ளதற்கு இன்னும் அதிகமாகவே உரியது.

அந்தப் பெண்ணைச் சில மாதங்களின் பின்னர் ஒரு ஜனாஸா வீட்டில் கண்டேன். நகங்களில் எந்த நிறமும் இல்லை. அதையும் நான்தான் முதலில் பார்த்தேன் என்பது உடனே உறைத்தது. சட்டென்று கண்ணை உயர்த்தி, முகத்தைப் பார்த்து ஸலாம் சொன்னேன். பதில் சொன்னாள். அன்றைக்கு அவள் தொழுதாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அதைக் கேட்கப் போவதும் இல்லை.