தெய்வங்கள் கூடும் ஊரில் இருவர்

சந்திர நாட்காட்டியின் பத்தாம் மாதத்தை ஜப்பானில் தெய்வங்கள் இல்லாத மாதம் என்பார்கள். நாடெங்கும் உள்ள தெய்வங்கள் தத்தம் கோயிலை விட்டு இசுமோவுக்குப் போய்விடுவதாக நம்பிக்கை. ஆகவே இசுமோவில் மட்டும் அது தெய்வங்கள் இருக்கும் மாதம். அங்கே கூடி அவை முடிவு செய்கிற காரியங்களில் முக்கியமானது, யாருக்கு யாரோடு உறவு அமையும் என்பது. அந்தப் பகுதியின் பெரிய ஊர் மட்சுவே. ஷிமானே மாநிலத்தின் தலைநகர் என்றாலும் மக்கள்தொகை சுமார் 2 லட்சம்தான். 1611இல் கட்டி முடித்த மரக்கோட்டை, அதைச் சுற்றி அகழி, மேற்கே ஷின்ஜி ஏரி. அவசரப்பட்டுப் பார்த்துத் தீர்க்க வேண்டியது அதிகமில்லை. கணவனும் மனைவியும் நாலு நாள் சும்மா இருந்துவிட்டு வர ஏற்ற இடம் என்று பெயர். ஆனால் கேள்வி ஒன்று இருக்கிறது. முடிச்சைப் போடுவது தெய்வங்களின் வேலை என்றால், முடிச்சு ஏற்கெனவே விழுந்துவிட்ட இருவருக்கு அந்த மண்ணில் கேட்கவோ செய்யவோ என்ன மிச்சம்?

மட்சுவேயின் தென்புறத்தில் உள்ள யாயேகாகி கோயிலில் இந்தக் கேள்வியைக் கண்ணால் பார்க்கலாம். கோயிலுக்குப் பின்னால் மரங்களுக்கு நடுவே சின்னக் குளம். கோயிலில் வாங்கிய மெல்லிய தாளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, நடுவில் ஒரு நாணயத்தை வைக்க வேண்டும். தாள் நனைய நனைய அதில் எழுத்து தெளிகிறது. பிறகு நாணயத்தின் கனத்தில் மெல்ல முழுகுகிறது. 15 நிமிடத்துக்குள் முழுகினால் கல்யாணம் சீக்கிரம், இல்லாவிட்டால் தாமதம். கரையோரம் முழுகினால் வரப்போகிறவர் பக்கத்து ஆள், தள்ளிப்போய் முழுகினால் தூரத்து ஆள். குளம் சொல்லும் குறி பெரும்பாலும் இந்த இரண்டைப் பற்றியதுதான்: எப்போது வருவார், எங்கிருந்து வருவார். வந்தவர் நிலைப்பாரா என்று குளத்தைக் கேட்பதில்லை. இதைக் குறியின் குறைபாடு என்று சொல்லிவிடலாம். எனக்கு அது நேர்மையாகவே தோன்றுகிறது. ஊழின் எல்லை எதுவரை என்று அந்தக் குளத்துக்குத் தெரிந்திருக்கிறது.

எல்லைக்கு இந்தப் பக்கம் மனிதருக்கு என்ன வேலை என்பதையும் இசுமோ மரபே சொல்கிறது. தெய்வங்கள் கூடியிருக்கும் நாட்களில் அந்த வட்டாரத்து மக்கள் ஒருவித விரதம் காத்தார்கள். பாட்டு, ஆட்டம், மேளம், வீடு கட்டும் வேலை எல்லாம் நிறுத்தம். மேலே பேச்சு நடக்கும்போது கீழே சத்தம் கூடாது. மட்சுவேயில் உள்ள சாடா கோயிலிலும் இந்த வழக்கம் உண்டு. உறவு விவகாரத்தில் மனிதருக்கு ஒதுக்கிய பங்கு வேண்டுதலோ காணிக்கையோ அல்ல, அடங்கி இருப்பது. 712இல் தொகுத்த கோஜிகி நூலில் வரும் கதையும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. உறவுகளைச் சேர்த்துவைக்கும் தெய்வமாக இசுமோ பெருங்கோயிலில் இருப்பவர் ஒகுனினுஷி. ஏகபத்தினி விரதத்துக்கும் அவருக்கும் தூரம். அவர் இசுமோவை விட்டு யாமாட்டோ நாட்டுக்குப் புறப்பட்டு நிற்கிறார். ஒரு கை சேணத்தில், ஒரு கால் அங்கவடியில். பட்டத்து மனைவி சுசேரி கிண்ணத்தில் மதுவோடு வந்து பாடுகிறாள். அவர் போகவில்லை. இருவரும் கிண்ணம் மாற்றி உறுதி சொல்லிக்கொண்டு, ஒருவர் கழுத்தில் ஒருவர் கைபோட்டபடி அங்கேயே தங்கிவிட்டார்கள் என்று கதை முடிகிறது. சேர்த்துவைக்கிற தெய்வத்தின் சொந்த உறவே, கிளம்பியவர் காலை எடுத்துக் கீழே வைத்ததால் நின்றது.

இந்தக் கோணத்தில் பார்த்தால், மட்சுவேயில் எதுவும் செய்யாமல் இருக்கும் தம்பதி, ஒரே நாளில் ஆறு கோயில் ஏறி இறங்கும் தம்பதியைவிட அந்த மண்ணின் வழிபாட்டுக்கு நெருக்கமானவர்கள் என்பது என் கட்சி. அகழியில் 50 நிமிடம் படகு போகிறது. தாழ்ந்த பாலங்கள் வரும்போது படகின் கூரையையே இறக்குவார்கள், உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் முழங்காலோடு முகம் சேரக் குனிந்தாக வேண்டும். ஏரிக்கரை ஓவியக் கூடம் மார்ச் முதல் செப்டம்பர் வரை சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்துத்தான் மூடுகிறது. கடிகாரத்துக்கு அங்கே இரண்டாம் இடம். இவை தியானம் அல்ல, அப்படி விற்பவர்களை நம்ப வேண்டாம். ஆனால் ஒரே திசையில் இருவரும் பார்த்திருக்க நேரம் தருகின்றன. அந்த நேரத்தில் கூட இருப்பவரை எப்படிப் பார்ப்பது என்பதற்குத் தேநீர் மரபில் ஒரு யோசனை உண்டு. ஷோகன் அரசின் தலைமை அமைச்சராக இருந்து 1860இல் எடோ கோட்டை வாசலில் வெட்டிக் கொல்லப்பட்ட ஈ நவோசுகே, தேநீர் விருந்து பற்றி எழுதியவர். அதே ஆள் அதே விருந்தினரை எத்தனை முறை சந்தித்தாலும், இன்றைய சந்திப்பு மறுபடி வராது என்று எண்ணி நடக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அந்நியரிடம் இது எளிது. இருபது வருடமாகத் தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவரிடம்தான் கடினம்.

மறுப்புகள் உண்டு. உறவு முடிச்சே இன்று அங்கே ஒரு வியாபாரம். இசுமோ விமான நிலையத்துக்கே உறவு சேர்க்கும் நிலையம் என்று 2010இல் செல்லப்பெயர் வைத்தாயிற்று. இது உண்மை, ஆனால் இதனால் என் வாதம் விழாது: கடையில் கிடைப்பது தாயத்து, சும்மா இருப்பதை யாரும் பொட்டலம் கட்டி விற்க முடியாது. ஓய்வு வசதியுள்ளவர் சமாச்சாரம் என்ற மறுப்பு அதைவிடக் கனமானது. மட்சுவேயைத் தேநீர் ஊராக்கிய ஏழாம் பிரபு மட்சுதைரா ஃபுமாய் காலத்தில் கடனில் கிடந்த ஆட்சி மீண்டதில், விவசாயிகள் மீது ஏற்றிய வரிக்கும் பங்கு உண்டு. பிறகு அவர் விலைமிக்க தேநீர்ப் பாத்திரங்களாக வாங்கிச் சேர்த்தார். அந்த அமைதிக்கு யாரோ விலை கொடுத்தார்கள். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஓய்வு எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்கு அது காரணமாகுமே தவிர, ஓய்வு பொய் என்பதற்கு அல்ல.

மூன்றாவது, அமைதியில் இருவருக்கும் பேச ஒன்றுமே இல்லை என்று தெரியவந்தால்? 1890இல் ஆசிரியராக மட்சுவே வந்த எழுத்தாளர் லஃப்காடியோ ஹெர்னுக்கும், அவர் மணந்த, நொடித்துப்போன சாமுராய்க் குடும்பத்துப் பெண் செட்சுவுக்கும் தொடக்கத்தில் பொது மொழிகூட இல்லை. அரைகுறை ஜப்பானியத்தில் இருவரும் தங்களுக்கென்று ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். பின்னாளில் இரவு விளக்கின் திரியைத் தாழ்த்திவைத்து அவள் பழங்கதை சொல்ல, புத்தகத்தைப் பார்க்கக் கூடாது, உன் சொல்லில் சொல் என்று அவர் கேட்பாராம். 1904இல் வந்த குவாய்டான் அப்படிப் பிறந்த நூல். அதெல்லாம் வீட்டில் நடந்தது, மட்சுவே போக என்ன அவசியம் என்று கேட்கலாம். அவசியம் இல்லைதான். ஆனால் இசுமோ மக்களும் அந்த விரத நாட்களில் வீட்டில்தான் இருந்தார்கள். அவர்களுக்கும் சத்தத்தை நிறுத்த, வருடத்தில் சில நாளுக்கு, ஊர் கூடி வைத்த விதி ஒன்று வேண்டியிருந்தது.