கன்றின் பங்கு

மனிதன் எதை உண்கிறான் என்பது வயிற்றைப் பற்றிய விஷயம் என்றே பலரும் நினைக்கிறார்கள். எதை உண்ண மறுக்கிறான் என்று கேட்டுப் பாருங்கள். அது உடனே மனத்தைப் பற்றிய விஷயமாகிவிடும். புலால் உண்ணாதவனை நம் நாட்டில் யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. அவனுக்கென்று தனி ஓட்டல்கள் உண்டு. பந்தியில் தனி வரிசை உண்டு. கொஞ்சம் மதிப்புங்கூட உண்டு. ஆனால், "பாலும் வேண்டாம், தயிரும் வேண்டாம், நெய்யும் வேண்டாம்" என்று ஒருவன் சொல்லிவிட்டால் போதும், "உடம்புக்கு என்ன?" என்று கேட்கிறார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு, அப்படியானால் மனசுக்குத்தான் என்னவோ என்பது போல ஒரு பார்வை பார்க்கிறார்கள்.

நான் பாலை விட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பார்வையைப் பலமுறை வாங்கிக்கொண்டிருக்கிறேன். என்னை ஒரு தியாகி என்று காட்டிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. கோயமுத்தூரில் இருந்துகொண்டு பால் காப்பியை விடுவது கஷ்டந்தான். ஆனால் அதற்காகத் தாமிரப் பட்டயம் கேட்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. பாலை மறுப்பது தர்மமா, அல்லது வயிறு நிறைந்தவர்களின் ஆடம்பரமா என்ற கேள்வி என்னை நெடுநாளாகத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. அதை வாசகர்களோடு சேர்ந்து யோசித்துப் பார்க்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் நினைத்துப் பார்க்காத ஓர் உண்மையிலிருந்து தொடங்குவோம். பசு, பசுவாக இருப்பதனால் பால் கொடுப்பதில்லை; தாயாக இருப்பதனால் கொடுக்கிறது. சினைப்பட்டு, ஒன்பது மாதத்துக்கும் மேலாகச் சுமந்து, ஈன்றால்தான் மடியில் பால் இறங்கும். வருஷா வருஷம் பால் வேண்டுமானால் மறுபடி மறுபடி சினைப்பட வேண்டும். பிறக்கிற கன்றுகளில் ஏறக்குறையப் பாதி காளைக் கன்று. கிடாரிக்கு நாளைக்கு ஒரு விலை உண்டு. காளைக் கன்றுக்கு?

கன்று செத்துப்போனால், அதன் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தாயின் முன்னால் நிறுத்திவைத்துக் கறக்கிற வழக்கம் நம் கிராமங்களில் இருந்தது. தாய் அந்த வைக்கோல் கன்றை நக்கிக் கொடுக்கும், பால் சுரக்கும். இதைச் செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். பட்டிப் பொங்கலன்று அதே மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, பொங்கலை ஊட்டிவிட்டு விழுந்து கும்பிட்டவர்கள்தாம். நல்லவர்களும் செய்யக்கூடிய காரியமாக அது இருந்தது என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

கொல்லாமையைப் பற்றி நமக்கு வெளியூரிலிருந்து யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. விசயமங்கலத்தில் இன்றைக்கும் சமணக் கோயில் நிற்கிறது. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் பெருந்துறைக்குப் பக்கத்திலுள்ள சீனாபுரத்தவர் என்று சொல்லுவார்கள். எறும்புக்கும் இரங்கிய சமணர்கள், தேனைக்கூட விலக்கியவர்கள், பாலை விலக்கவில்லை. வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும், கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் ஒதுக்கினார். காதலின் இனிமையைச் சொல்ல வந்தபோது பாலையும் தேனையும் கலந்துதான் உவமை சொன்னார். 1867-ஆம் ஆண்டில் வடலூரில் அணையா அடுப்பை ஏற்றிய வள்ளலாரின் ஜீவகாருண்யமும் புலாலைத்தான் கடிந்தது.

இவர்களுக்கு இரக்கம் போதவில்லை என்று நான் சொல்வேனா? மாட்டேன். அவர்கள் பார்த்த பசு வீட்டுக் கட்டுத்தரையில் நின்றது. அதன் கன்று கண்ணெதிரே துள்ளியது. எவ்வளவு கறந்தோம், கன்றுக்கு எவ்வளவு விட்டோம் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். மணிமேகலைக் காப்பியத்தில் வருகிற ஆபுத்திரனைத் தாய் தோட்டத்தில் போட்டுவிட்டுப் போய்விடுகிறாள். ஒரு பசு வந்து ஏழு நாள் பால் கொடுத்துக் காப்பாற்றுகிறது. அந்தப் பிள்ளைதான் வளர்ந்து, யாகத்தில் பலியாக இருந்த பசுவைத் திருட்டுத்தனமாக மீட்டுக் கொண்டுபோய், ஊராரிடம் அடிபடுகிறான். அங்கே பசு கொடுத்தது. மனிதன் அதை மறக்கவில்லை. நாம் இன்று குடிப்பது கொடுத்த பாலா, எடுத்த பாலா?

நம் கொங்கு நாட்டு மாட்டின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். காங்கயம் மாடு பாலுக்காக வளர்ந்த மாடு அன்று. கிளுவை வேலிக்குள், வெள்வேல மரத்தடியில், கொறங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து வளர்ந்த அந்த இனம் ஏருக்கும் வண்டிக்கும் கவலை இறைப்புக்கும் பேர் போனது. பழையகோட்டைப் பட்டக்காரர் பண்ணை அதைப் பேணி வளர்த்துப் புகழ் பெற்றது. அந்த நாளில் காளைக் கன்று பிறந்தால் குடியானவன் வீட்டில் சந்தோஷம். நாலு வருஷத்தில் அது கவலைக்குப் போகும். பால் குறைவுதான், அதிலும் கன்றைக் குறை வைத்தால் நாளைக்கு ஏர் பிடிக்கத் தெம்பான காளை கிடைக்காது. ஆகையால் கன்றின் பங்கைக் காப்பாற்றியது குடியானவனின் கருணை மட்டும் அன்று, அவனுடைய தேவையுங்கூட.

1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. பஞ்சாலைகள் ஓடின. கோயமுத்தூரில் செய்த பம்புசெட்டுகள் கிணற்றுக்குக் கிணறு இறங்கின. கவலை ஓய்ந்தது, பின்னால் டிராக்டர் வந்து ஏரும் ஓய்ந்தது. வெயிலில் காளையோடு மாரடித்த மனிதர்களுக்கு அது விடுதலை. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் காளைக்கு வேலை போன அதே காலத்தில்தான் பாலுக்குக் கிராக்கி ஏறியது. 1970-இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. ஜெர்ஸிக் கலப்பு மாடுகள் வந்தன. 1998 வாக்கில் இந்தியா பால் உற்பத்தியில் உலகத்திலேயே முதல் நாடாயிற்று. 2023-24-இல் நாட்டின் உற்பத்தி ஏறக்குறைய 24 கோடி டன். இத்தனை பாலுக்கும் இத்தனை ஈற்று வேண்டும். ஈற்றில் பாதி காளை. ஏரும் இல்லை, கவலையும் இல்லை. அந்தக் காளைகள் எங்கே?

பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனால் விடை கிடைக்கும். வற்றிப்போன பசுவும் வேண்டாத காளையும் அங்கே கைமாறி, லாரியில் ஏறி, கேரளத்துக்குப் போகின்றன. பாலும் இறைச்சியும் இரண்டு தொழில்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே தொழிலின் முன்வாசலும் பின்வாசலும் அவை. பால் குடிக்கிறவன் கணக்கைத் தொடங்கி வைக்கிறான். இறைச்சி தின்கிறவன் அதை முடித்து வைக்கிறான். இதில் முதலாமவன் இரண்டாமவனைப் பாவி என்று ஏசுகிறானே, அந்த நியாயந்தான் எனக்கு விளங்கவில்லை.

இந்த வேதனையை நம் காலத்துக்கு முன்பே அனுபவித்தவர் காந்தியடிகள். பசுக்களையும் எருமைகளையும் கறப்பதற்காகச் செய்யப்பட்ட சித்திரவதைகளைப் பற்றிப் படித்துவிட்டு, 1912-இல் டால்ஸ்டாய் பண்ணையில், நண்பர் காலன்பாக்கோடு சேர்ந்து பாலை விட்டார். ஆறு வருஷத்துக்குப் பிறகு சீதபேதியில் விழுந்து சாகக் கிடந்தபோது டாக்டர்கள் பால் குடிக்கச் சொன்னார்கள். விரதம் பசும்பாலுக்கும் எருமைப்பாலுக்குந்தானே, ஆட்டுப்பாலுக்குத் தடை என்ன என்று கஸ்தூரிபாய் கேட்டார். காந்தி இணங்கினார். விரதத்தின் எழுத்தைக் காப்பாற்றி அதன் உயிரை விட்டுவிட்டேன் என்று பிறகு தம் சுயசரிதையில் வருந்தி எழுதினார். உயிர் போகும் நேரத்தில் ஆட்டுப்பால் குடித்த மனிதரைப் பார்த்துச் சிரிப்பதற்கு நமக்கு யோக்கியதை கிடையாது. நமக்கு அவரைவிட வசதி அதிகம். 1944-இல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் முதலானவர்கள் பால், முட்டை முதலிய எதையும் உண்ணாதவர்களுக்கென்று 'வீகன்' என்ற பெயரைச் சூட்டிச் சங்கம் அமைத்தார்கள். 1948-இல் பி12 என்ற வைட்டமினைப் பிரித்தெடுத்தார்கள். தாவர உணவில் போதிய அளவு கிடைக்காத அதை இன்று மாத்திரையாகவே விழுங்கிவிடலாம். பாலை விடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டு அதைச் செய்துகொள்ளத்தான் வேண்டும்.

"சரி, என்னதான் சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்பார்கள். நம் பாட்டிமார் சாப்பிட்டதைத்தான். ராகிக் களி, கம்பஞ்சோறு, கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயிற்றுக் கடைசல், தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகை, எள்ளுருண்டை, கடலை உருண்டை. காலையில் கருப்பட்டிக் காப்பி. அரிசிம்பருப்புச் சோற்றுக்குச் செக்கெண்ணெய். ஒப்புட்டுக்கு நெய் இல்லாதது குறைதான். குறையில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் கேள்வி நாக்கைப் பற்றியது அன்று. தாராபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், எனக்குத் தூரத்து உறவான ஓர் அம்மாளைப் பார்க்கப் போயிருந்தேன். புருஷன் இல்லை, மூன்று ஏக்கர் மானாவாரி, ஒரு மாடு. சித்திரை வெயிலில் வந்தவனுக்குச் சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து நீட்டினார். தண்ணீர் போதும் என்றேன்.

"ஏனுங் தம்பி, மோருமா குடிக்கறதில்ல?"

"இல்லீங் அக்கா. பாலை உட்டுட்டேனுங்."

"கன்னுக்கு ஒரு காம்பு உட்டுட்டுத்தானுங் கறக்கறேன்" என்றார், ஏதோ குற்றம் சாட்டப்பட்டவர் போல. காரணத்தை நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஊர்ல எல்லாரும் உங்களாட்டப் பாலை உட்டுப்போட்டா, இந்த மாட்டை நான் எங்கீங் கொண்டுபோய் உடறது? சொசைட்டிக்கு ஊத்தற காசுலதானுங் புள்ளைக்குப் பீசு கட்டறேன். ராகி வெதைச்சா ஆரு நல்ல வெலைக்கு வாங்கறாங்க?" என்று கேட்டார்.

கோபமில்லாமல் கேட்ட கேள்வி அது. நான் படித்த புத்தகங்களில் அதற்கு விடை இல்லை. மோரை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, தேங்காய் ஒன்றை உடைத்து, வெல்லத்தோடு என் முன்னால் வைத்தார். சாப்பிட்டேன்.

அந்தக் கேள்வியை நான் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். ஊரெல்லாம் ஒரே நாளில் பாலை விட்டுவிடப் போவதில்லை. குறைந்தால் மெதுவாகத்தான் குறையும். ஈற்றும் மெதுவாகக் குறையும். ஆகையால் மாட்டை எங்கே விடுவது என்ற பயம் நாளைக்கே வந்து நிற்கிற பயம் அன்று. ஆனால் ராகியை யார் வாங்குவார்கள் என்ற கேள்வி இன்றைக்கே நிற்கிறது. பாலை மறுக்கிறவன் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, கடல் கடந்து வருகிற பாதாம்பாலை வாங்கிக் குடித்தானானால், கன்றுக்கு இரங்கியிருக்கலாம். அந்த அம்மாளுக்கு அவன் எதுவும் செய்யவில்லை. மறுப்பு பாதி தர்மந்தான். எதை வாங்குகிறோம், யாரிடம் வாங்குகிறோம், பேரம் பேசாமல் வாங்குகிறோமா என்பது மற்றப் பாதி. மானாவாரிக் காட்டுக் கம்புக்கும் கடலைக்கும் எள்ளுக்கும் உரிய விலை கொடுக்காமல் ஜீவகாருண்யம் பேசுகிறவன், மாட்டுக்கு இரங்கி மனிதனை மறந்தவனாகிறான்.

இன்னொரு கேள்வியும் கேட்பார்கள். "பட்டு எப்படி வருகிறது? செருப்பு எதில் தைத்தது? வயலில் மருந்தடித்தால் பூச்சி சாகவில்லையா? எங்கே கோடு போடுவீர்கள்?" நியாயமான கேள்வி. பம்புசெட்டுக்கு முன்னால் நம் ஊரில் கீரைக்குப் பாய்ந்த தண்ணீர்கூடக் கவலையின் தோல் தும்பி வழியாகத்தான் கிணற்றிலிருந்து மேலே வந்தது. முழுச் சுத்தம் என்பது உயிரோடிருக்கிற எவனுக்கும் கிடையாது. ஆனால் கிளுவை வேலியில் சந்து இருக்கிறது என்பதற்காக யாரும் வேலியைப் பிடுங்கி எறிவதில்லை. முடிந்த இடத்தில் ஒரு போத்தை ஊன்றுகிறார்கள். நான் பாலில் ஊன்றியிருக்கிறேன். மற்றொருவர் வேறோர் இடத்தில் ஊன்றலாம்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நம் நாட்டில் "நான் அதைச் சாப்பிட மாட்டேன்" என்ற சொல் நெடுங்காலமாக "நான் உன் வீட்டில் சாப்பிட மாட்டேன்" என்ற பொருளில் வழங்கி வந்திருக்கிறது. பந்தியைப் பிரித்ததும், டீக்கடையில் தனிக் கிளாஸ் வைத்ததும் அந்தச் சொல்தான். பாலை மறுப்பது இன்னொரு மடியாக, இன்னொரு சாதியாக வளருமானால், அதைவிட மாட்டிறைச்சி தின்கிற மனிதனின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டு எழுந்து வருவது மேல் என்பேன். கன்றிடம் பங்கைத் திருப்பிக் கொடுக்க வந்தவன், மனிதனிடம் இருக்கிற மரியாதையைப் பறிக்கலாமா?

ஆகவே எனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டால் காரணம் சொல்லுவேன். கேட்காதவர் காப்பியில் நான் கன்றைக் கொண்டுபோய் நிறுத்துவதில்லை. யார் வீட்டுத் திண்ணையிலும் உட்காருவேன், யார் வீட்டுத் தண்ணீரும் குடிப்பேன். தை மாசம் அறுப்பு முடிந்ததும் அந்த அம்மாளிடம் ஒரு மூட்டை ராகி வாங்குகிறேன், அவர் சொல்லுகிற விலைக்கு. ஒரு மாட்டின் பாலுக்கு ஒரு மூட்டை ராகி ஈடாகாது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். போன வருஷம் மூட்டையை வண்டியில் ஏற்றும்போது, "அடுத்த வருசம் கம்பும் கொஞ்சம் போடட்டுங்களா தம்பி?" என்று கேட்டார். போடச் சொல்லியிருக்கிறேன்.