மைன்கிராஃப்ட் மழையும் முருகனிடம் வேண்டுதலும்

மைன்கிராஃப்ட் விளையாடுறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கலாம். மழை விட்டதுமே கேம் ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்து வச்சுக்கும். 12,000 டிக் முதல் 1,80,000 டிக் வரை எதுவும் வரலாம். விநாடிக்கு 20 டிக் குறையும். அதாவது அடுத்த மழை பத்து நிமிஷத்துலயும் வரலாம், இரண்டரை மணி நேரமும் ஆகலாம். நமக்கு அது திடீர் மழை. கேமுக்கு முன்னாடியே முடிவானது.

விதியும் இப்படித்தானா? எல்லாம் முடிவாயிடுச்சுன்னா எதுக்கு வேண்டணும்?

எங்க ராயக்கோட்டை தக்காளிக்குப் பேர்போன ஊர். இங்க ராகி விதைச்சவர் "முருகா, மழை கொடு"ன்னு வேண்டுவார். பக்கத்துத் தோட்டத்துல தக்காளி பழுத்து நிக்கும். மழை பெஞ்சா பழம் வெடிச்சிடும். அவர் "ரெண்டு நாள் பொறுத்துக்கோ முருகா"ன்னு வேண்டுவார். ரெண்டு பேரும் கிருத்திகை விரதம் இருக்கிறவங்கதான். முருகன் யார் பக்கம் நிற்பான்?

வேண்டுதல்னா மழையை மாத்தச் சொல்றது மட்டும்தான்னா, ஒருத்தர் வேண்டுதல் பலிச்சா இன்னொருத்தருக்கு நஷ்டம். ஆனா நாம தினமும் சொல்றது என்ன? "வேலும் மயிலும் துணை." துணைன்னா கூடவே வர்றது.

கேம்ல கட்டில்ல படுத்துத் தூங்கி எழுந்தா மழை நின்னுடும். நிஜத்துல அந்த வசதி இல்லை. வானம் கருக்கும்போது ராகிக்காரர் பக்கத்துத் தோட்டத்துல இறங்கி நாலு கூடை தக்காளி பறிச்சுக் கொடுத்தா, அந்தத் துணை அவர் கை வழியாத்தான் வருது. மழை அவன் இஷ்டம். கூட நிற்கிறது நம்ம கடமை.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!