மறுக்கப்பட்ட ஆசனம்

பிறருக்காகப் பேசும் பொறுப்பை ஏற்றுக்கொண்ட மனிதனுக்குத் தன் மனச்சாட்சியின் பொருட்டுப் பேசும் உரிமை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது சட்டசபைகளில் அமர்வோரை மட்டும் பற்றிய கேள்வியாகாது. குடும்பத்தின் மூத்த பிள்ளையும், பள்ளியின் தலைமையாசிரியரும், தொழிற்சங்கத்தின் காரியதரிசியும் என்றேனும் ஒருநாள் அக்கேள்விக்கு முன்னால் நின்றே தீரவேண்டியிருக்கிறது. அதனினும் கடினமான வேறொரு கேள்வியும் உண்டு. நாம் சொன்ன சொல்லுக்காக நம்மை வெளியே தள்ளிய சபை, பின்னர் நிர்ப்பந்தத்தினால் நம்மை உள்ளே விடுமானால், அச்சபையோரோடு எவ்விதம் கூடி வாழ்வது? முதற்கேள்விக்கு விடை சொன்னவர்களை உலகம் நிரம்பப் புகழ்ந்திருக்கிறது. இரண்டாவது கேள்விக்குத் தம் வாழ்நாளில் ஒரு பெரும் பகுதியையே விடையாகத் தந்தவர்களைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை. அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா மாநிலச் சட்டசபையில் இருபது ஆண்டுகள் அங்கத்தினராயிருந்த ஜூலியன் பாண்டை நான் நினைப்பது அந்த இரண்டாவது கேள்வியின் பொருட்டே.

அவர் 1940 ஜனவரி 14ஆம் நாள் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் பிறந்தார். தந்தை வழிப் பாட்டனார் அடிமையாகப் பிறந்தவர். அந்தப் பாட்டனாரின் மகனான ஹொரேஸ் மான் பாண்ட், பென்சில்வேனியாவிலுள்ள லிங்கன் பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பினத் தலைவராக உயர்ந்தவர். எந்த யுத்தத்திலும் ஆயுதம் ஏந்துதல் தகாது என்று கொள்கிற குவேக்கர் சமயத்தார் நடத்திய ஜார்ஜ் பள்ளியில் ஜூலியன் பயின்றார். பின்பு அட்லாண்டா நகரத்து மோர்ஹவுஸ் கல்லூரியில், மார்ட்டின் லூதர் கிங் நடத்திய தத்துவ வகுப்பில் மாணவராக அமர்ந்தார். 1960 ஏப்ரலில் மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு தோன்றியபோது அதன் ஸ்தாபகர்களில் ஒருவராயிருந்து, பட்டம் பெறுவதற்கு முன்பே கல்லூரியை விட்டு, அக்குழுவின் பிரசாரப் பொறுப்பை ஏற்றார். அந்தப் பட்டத்தை 1971இல், சட்டசபை அங்கத்தினராயிருக்கும்போதே, திரும்பச் சென்று பெற்றார் என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். விட்டுவந்த இடத்துக்குத் தயக்கமின்றித் திரும்பிச் செல்வது அம்மனிதரின் சுபாவத்திலேயே இருந்தது.

நீதிமன்றத் தீர்ப்புகளின் பயனாக ஜார்ஜியாவின் தொகுதிகள் திருத்தி வகுக்கப்பட்டு 1965இல் விசேஷத் தேர்தல் நடந்தபோது, 25 வயதான பாண்ட் அட்லாண்டாவின் ஒரு தொகுதியில் நின்றார். ஏறக்குறைய 6,500 வாக்காளர்களுள் 6,000 பேர் கறுப்பினத்தவராயிருந்த அத்தொகுதியில் அவர் 2,320 வாக்குகளும் அவருடைய எதிராளி 487 வாக்குகளும் பெற்றனர். அத்தொகுதியில் குடியிருந்தவர்களில் ஒருவர் மார்ட்டின் லூதர் கிங். ஆசிரியருக்கு மாணவர் பிரதிநிதியானார்.

1966 ஜனவரி 3ஆம் நாள் இரவில், அலபாமா மாநிலத்து டஸ்கீகி நகரில், கடற்படையில் பணிபுரிந்து திரும்பிய சாமி யங் என்ற கறுப்பின மாணவர், வெள்ளையருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த கழிப்பிடத்தைப் பயன்படுத்த முயன்றதற்காக ஒரு பெட்ரோல் நிலையத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். மூன்று நாள் கழித்து மாணவர் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் சொந்தப் பிரஜைகளின் சுதந்திரத்தைக் காக்காத அரசு, வியட்நாம் மக்களின் சுதந்திரத்துக்காகப் போர் புரிவதாகச் சொல்வதை ஏற்க முடியாதென்றும், கட்டாய ராணுவ சேவைக்குச் செல்ல மனமில்லாதவர்களுக்குத் தங்கள் அனுதாபமும் ஆதரவும் உண்டென்றும் அதில் கண்டிருந்தது. அவ்வறிக்கையை எழுதியதில் பாண்டுக்குப் பங்கில்லை. ஆனால், ஒரு வானொலி நிருபர் தொலைபேசியில் கேட்டபோது, தாம் அதை ஆமோதிப்பதாகவும், யுத்தம் எதுவாயினும் தாம் எதிர்ப்பவரென்றும் அவர் சொன்னார். சட்டசபை கூடுவதற்குள் அங்கத்தினர் 75 பேர் அவரைச் சேர்க்கலாகாதென்று மனுச்செய்தனர். ஜனவரி 10ஆம் நாள் மற்றவர்கள் பிரமாணம் எடுத்துக்கொள்ள, அவர் விலகி நிற்கும்படி சொல்லப்பட்டார். அன்றே விசாரணை நடத்தி, 184 பேர் எதிராகவும் 12 பேர் ஆதரவாகவும் வாக்களிக்க, அவருடைய ஆசனம் அவருக்கு மறுக்கப்பட்டது.

இந்த இடத்தில் நான் சற்று நிற்க விரும்புகிறேன். அறிக்கையை நான் எழுதவில்லை என்ற ஒரு வாக்கியம் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அது முழு உண்மையாகவும் இருந்தது. உண்மையான ஒரு வாக்கியத்தைச் சொல்லி ஓர் அபாயத்திலிருந்து நீங்கிக்கொள்வதில் என்ன தோஷம் என்று உலக அநுபவமுள்ளவர்கள் கேட்பார்கள். சங்கக் கூட்டங்களிலும் அலுவலகங்களிலும் இத்தகைய உண்மைகளின் நிழலில் மனிதர் ஒதுங்கிக்கொள்வதை நாம் ஒவ்வொருவரும் கண்டிருக்கிறோம். உண்மை பேசுவதற்கும் உண்மையாயிருப்பதற்கும் இடையே அப்படி ஓர் இடைவெளி இருக்கிறது. தாம் நம்பிய ஒன்றைப் பிறர் எழுதியிருந்தாலும் அதற்குரிய பொறுப்பைத் தாமும் ஏற்பதே நேர்மை என்று பாண்ட் கொண்டார். அதே வேளையில், சொல்லாததைச் சொன்னதாக ஏற்று வீரம் காட்டவும் அவர் விரும்பவில்லை. ராணுவப் பதிவுச் சீட்டைக் கொளுத்தும்படி எவருக்கும் தாம் ஆலோசனை சொன்னதில்லையென்றும், தம்முடைய சீட்டு இப்போதும் தம் சட்டைப்பையிலேயே இருக்கிறதென்றும் அவர் விசாரணையில் கூறினார். எவ்வளவு சொன்னாரோ அவ்வளவுக்கு மட்டும், ஒரு சொல் கூடாமலும் குறையாமலும், பொறுப்பேற்ற அந்த நிதானம்தான் என்னைப் பெரிதும் கவர்கிறது.

அவரும், அவருடைய தொகுதிவாசி என்ற முறையில் கிங்கும் தொடுத்த வழக்கை மூன்று நீதிபதிகள் கொண்ட மன்றம் இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் தள்ளிவிட்டது. காலியான ஸ்தானத்துக்கு மறுதேர்தல் வந்தபோது மக்கள் அவரையே மீண்டும் தேர்ந்தார்கள். சபை மீண்டும் மறுத்தது. நவம்பரில் மூன்றாம் முறையும் அவரே வென்றார். 1966 டிசம்பர் 5ஆம் நாள் அமெரிக்க உச்சநீதிமன்றம் அவர் பக்கம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. சட்டசபை அங்கத்தினரின் விசுவாசத்தை அளக்கச் சாமானியப் பிரஜைக்கு இல்லாத தனி அளவுகோல் கிடையாதென்றும், தம் பிரதிநிதி என்ன நினைக்கிறார் என்பதை மக்கள் அறியும்பொருட்டு, சர்ச்சைக்குரிய விஷயங்களில் அவர் அபிப்பிராயம் சொல்வது அவருடைய கடமையே என்றும் தலைமை நீதிபதி எர்ல் வாரன் எழுதினார்.

வழக்கமாகக் கதை சொல்பவர்கள் இவ்விடத்தில் முடித்துவிடுகிறார்கள். எனக்கோ இங்கேதான் கதை தொடங்குகிறது. 1967 ஜனவரியில் அவர் உள்ளே நுழைந்தது எத்தகைய சபை? தம் உணவுவிடுதியில் கறுப்பினத்தவரை உண்ணவிடாமல் துப்பாக்கி காட்டித் துரத்திப் பிரசித்தி பெற்ற லெஸ்டர் மாடக்ஸ் என்பவரை, தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை கிட்டாமையால், அதே மாதத்தில் கவர்னராகத் தேர்ந்தெடுத்த சபை. தம்மைத் துரோகியென்று சாடி வாக்களித்தவர்கள் பலரின் நடுவே, நீதிமன்றத்தின் ஆணையினால் கிடைத்த ஆசனத்தில் ஒரு 26 வயது இளைஞர் அமர்கிறார். அங்கே நடப்பதோ சாலை, பள்ளிக்கூடம், வரி, குடிதண்ணீர் என்ற சில்லறைக் காரியங்கள். எந்த மசோதாவுக்கும் அருகில் இருப்பவரின் வாக்கைக் கேட்டுப் பெற வேண்டும், நேற்று தம்மை விலக்கியவரிடமே இன்று சென்று பேச வேண்டும். பணிந்துபோய்க் கேட்டால் சுயமரியாதை போகும். துவேஷத்தோடு ஒதுங்கியிருந்தால் வாக்களித்த மக்களின் காரியம் கெடும். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய பாதையில் ஒருநாள் நடப்பது யாருக்கும் கூடும். அவர் 1975 வரை கீழ்ச்சபையிலும், பின் 1987 வரை மேல்சபையிலும் நடந்தார்.

போய்விடுவதற்கு அவருக்குச் சந்தர்ப்பம் இல்லாமலில்லை. 1968இல் சிக்காகோவில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில், மாடக்ஸின் ஆட்களைக் கொண்ட பிரதிநிதிக் குழுவுக்கு எதிராக வேறொரு குழுவை நடத்திச் சென்று பாதி ஸ்தானங்களைப் பெற்றார். துணை ஜனாதிபதி பதவிக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, அதற்கு வேண்டிய 35 வயது தமக்கு ஆகவில்லை, தமக்கு வயது 28 என்று சொல்லி விலகினார். தேசமெங்கும் பேர் பரவிய அவர், மாநாடு முடிந்ததும் தம் மாநிலத்துச் சிறிய ஆசனத்துக்கே திரும்பினார்.

அட்லாண்டாவைக் கொண்ட ஐந்தாவது காங்கிரஸ் தொகுதியைக் கறுப்பின மக்கள் தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் வண்ணம் வகுக்க வேண்டுமென்று 1981இல் மேல்சபையில் வாதாடியவர் அவர். கீழ்ச்சபை மறுத்ததை மறு ஆண்டில் வாஷிங்டன் நீதிமன்றம் ஏற்காததால் தொகுதி திருத்தப்பட்டது. 1986இல் அதே தொகுதியில் அவரே போட்டியிட்டார். முதற்சுற்றில் முந்தியவர், இரண்டாம் சுற்றில் 52க்கு 48 சதவிகிதம் என்ற கணக்கில் தோற்றார். வென்றவர் ஜான் லூயிஸ், மாணவர் குழு நாளிலிருந்து உற்ற நண்பர். அப்போட்டி அவ்விருவர் நட்பையும் கசக்கச் செய்தது. ஆண்டுகள் சென்றபின் அவர்கள் மீண்டும் நெருங்கினார்கள். பகைவர்களோடு ஒரு சபையில் இருக்கக் கற்றவருக்கு, தம்மை வென்ற நண்பரோடு உறவாடுவது அதனினும் அரிதாயிருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

அதன்பின் அவர் பல்கலைக்கழகங்களில் போதித்தார். 1998 முதல் 2010 வரை கறுப்பின மக்களின் மிகப் பழைய உரிமைச் சங்கத்துக்குத் தலைமை வகித்தார். 2015 ஆகஸ்ட் 15ஆம் நாள், 75ஆம் வயதில் காலமானார். வாரன் எழுதிய தீர்ப்பை அரசியலில் ஈடுபாடுள்ள ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். படித்தவர்கள் அத்தோடு நிறுத்திவிடாமல், ஜார்ஜியாச் சட்டசபையின் 1967ஆம் ஆண்டு முதலான நடவடிக்கைக் குறிப்புகளையும் புரட்டிப்பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அங்கத்தினர் பட்டியலில் அவர் பெயர், மற்றவர்களின் பெயர்களோடு பெயராக, இருபது ஆண்டுகள் வருகிறது.