வாசி பட்ட காசு

திருவீழிமிழலையிற் பஞ்சம் உற்ற ஞான்று இறைவர் ஆளுடைய பிள்ளையார்க்கும் ஆளுடைய அரசர்க்கும் கிழக்கும் மேற்குமாகப் பீடங்களில் நாடோறும் படிக்காசு வைத்தருளினார் என்பதும், அரசர் காசு தடையின்றிச் செல்ல, பிள்ளையார் காசுக்கு வணிகர் வாசி கேட்டமையால் அவர் திருமடத்தில் அமுது காலந்தாழ்த்தது என்பதும் சைவர் நன்கறிந்தன. வாசியாவது, மாற்றிற் குறைந்த காசை ஏற்குங்கால் கழிக்கும் வட்டம். முற்றறிவுடைய முதல்வன் குறைக்காசு நல்குதல் முறையோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

அரசர் கைத்தொண்டு செய்தவர், பிள்ளையார் மகனார்; ஆகலின் அவ்வேற்றுமை நேர்ந்தது என்பது சேக்கிழார் பெருமான் காட்டும் அமைதி. சரியையைத் தாசமார்க்கம் என்றும் கிரியையைச் சற்புத்திரமார்க்கம் என்றும் கூறும் நூன்முறைக்கும் அது பொருந்தும். உரை கூறுவார் பலர் அவ்வளவில் நின்றுவிடுவர். அடியேற்கு அதனுள் ஒரு நீதி தோன்றுகின்றது. கையால் உழைப்போன் பெறுவது கூலி. அது குறையின் அவன் வாய்திறந்து கேட்டல் அரிது. மகனோ தந்தைமுன் உரிமையோடு சென்று முறையிடுவான். முறையிட வல்லார்பாற் குறை வந்தது, ஏனையோர்பால் வந்திலது.

இன்னும் ஒன்று. பிள்ளையார் வணிகரை வெகுண்டிலர். இறைவர் தந்த காசாயிற்றே, வாசியின்றிக் கொண்மின் என்று ஆணையிட்டாரும் அல்லர். காசு வைத்தவரிடமே சென்று பாடினார், நற்காசு வந்தது. கடவுள் கொடுத்ததாயினும் கடைத்தெருவில் அஃது உரைகல்லுக்கு உட்பட்டதே என்று அவர் கொண்டனர் போலும்.

இவ்வரலாற்றைப் பாடிய சேக்கிழார் இரண்டாங் குலோத்துங்கன் (1133–1150) காலத்தவர். அமைச்சுரிமை பூண்டவர் என்பர். காசின் நிலையை அவர் அறியாதவர் அல்லர். அவர்க்கு முன்னரே முதல் இராசராசன் (985–1014) தஞ்சைப் பெருங்கோயிலுக்கு ஈந்த பொன், ஆடவல்லான் என்னும் பெயருடைய கல்லால் நிறுக்கப்பெற்றமை அக்கோயிற் கல்வெட்டுக்களிற் காணலாம். கூத்தப்பெருமான் திருப்பெயர் எடைக்கல்லுக்கு! அத்தகைய கல்லைத் தொட்டு நிறுப்பவன் கை எங்ஙனம் குறைத்து நிறுக்கும்? எனினும் சோழர் பிற்காலத்திற் பொற்காசு அருகிச் செப்புக்காசு பெருகிற்று. சாசனங்களும் காசு என வாளா கூறாது 'அன்றாடு நற்காசு' என விதந்து கூறலாயின. நல்லதல்லாத காசும் உடன் வழங்கினமை இதனால் உய்த்துணரப்படும்.

காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்னும் ஒரு சொல்லையே நாம் வழங்குகின்றோம். காசில் மாற்றுக் குறைத்த வேந்தன் பண்டாரம் அதனால் ஒன்றும் இழப்பதில்லை. வணிகனும் வட்டங் கழித்துத் தன் முதலைக் காத்துக்கொள்வான். வீழிமிழலைத் திருமடத்தில் அன்று பொழுது சாய உண்டவர் காசு வைத்தவரும் அல்லர், வாசி கொண்டவரும் அல்லர். இலைமுன் காத்திருந்த அடியார்.