குறை சொல்லும் உரிமை

பல்கலைக்கழகத்தில் பாடம் சரியாக நடக்கவில்லை என்று மாணவர் சொல்லும்போதெல்லாம் ஒரு பழைய தத்துவச் சிக்கல் தலைதூக்குகிறது. ஒரு துறையை இன்னும் அறியாதவர், அதை அறிந்தவரை எந்தத் தகுதியில் மதிப்பிடுவது?

பிளேட்டோவிடம் இதற்கு இரு முகங்கள் உண்டு. ‘புரோட்டகோரஸ்’ உரையாடலில் அப்பெயர் கொண்ட ஆசிரியர் தம் கட்டண முறையைச் சொல்கிறார். படித்து முடித்தவர் கேட்ட தொகையைத் தரலாம். அதிகம் என்று பட்டால் கோயிலுக்குப் போய், கற்றது எவ்வளவு பெறும் என்று சத்தியம் செய்து அதை மட்டும் கொடுக்கலாம். தீர்ப்பு முழுக்க மாணவர் கையில். ‘மேனோ’ உரையாடலோ வேறு திசையில் போகிறது. பக்கத்தை இரட்டித்தால் சதுரத்தின் பரப்பும் இரட்டிக்கும் என்று நம்பிய அடிமைச் சிறுவன், அது தவறு என்று கண்டு திகைத்து நிற்கிறான். அந்தத் திகைப்பால் அவனுக்கு நட்டமில்லை, இனிதான் தேடுவான் என்கிறார் சாக்ரடீஸ். அப்படியானால் மாணவரின் மனக்குறை எல்லாமே ஆசிரியரின் குற்றம் ஆகிவிடாது. கற்பதன் வலி வேறு, கற்பிக்கப்படாத ஏமாற்றம் வேறு.

இந்த வேறுபாட்டை நடைமுறையில் காட்டிய இடம் இத்தாலியின் பொலோஞ்ஞா. அங்கே பல்கலைக்கழகம் என்பதே சட்டம் படிக்க வந்த வெளியூர் மாணவரின் சங்கம். பேராசிரியருக்குக் கூலி கொடுத்தவர்களும் அவர்களே. 1317ஆம் ஆண்டு விதிகளின்படி ஆசிரியர் அனுமதியின்றி ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கக் கூடாது. வெளியூர் போனால், திரும்பி வருவதற்கு ஈடாகப் பணம் கட்டிவிட்டுப் போக வேண்டும். மணி அடித்ததும் தொடங்கி, அடுத்த மணிக்கு முடிக்க வேண்டும். கடினமான பகுதியைக் கடைசிக்குத் தள்ளி, நேரமில்லை என்று விட்டுவிடவும் முடியாது. வகுப்புக்கு ஐந்து பேர்கூட வராவிட்டால், ஆசிரியரே வராதது போல அபராதம். மிகக் கடுமைதான். ஆனால், சட்ட வாசகத்துக்கு எது சரியான பொருள் என்பதில் இந்த விதிகள் தலையிடவில்லை. அறிவை ஆசிரியரிடம் விட்டுவிட்டு, கடமையை மட்டுமே மாணவர் அளந்தனர். ஆயினும் அந்த அதிகாரம் பணத்தின்மேல் நின்றது. நகர ஆட்சி பேராசிரியருக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியதும் அது மெல்ல மாணவர் கையை விட்டுப் போனது.

பணத்தைச் சாராத அடிப்படை பவணந்தி முனிவரின் நன்னூலில், 13ஆம் நூற்றாண்டிலேயே, இருக்கிறது. ஆசிரியர் ஆகாதவருக்கு அது நான்கு உவமை சொல்கிறது. கழற்காய் நிரப்பிய குடம், போட்ட வரிசையில் திருப்பிக் கொட்டாது. கருக்கு மட்டை சூழ்ந்த பனை, தானாக உதிர்த்தாலன்றி ஏறிப் பறிக்க விடாது. பஞ்சு அடைத்த குறுகிய வாய்க் குடுக்கை, சிறிது சிறிதாகவே வெளியே விடும். வளைந்த தென்னை, நீர் ஊற்றியவனை விட்டு அடுத்தவன் மனையில் காய் போடும். நான்கிலும் சரக்கு உள்ளே இருக்கிறது. கொடுக்கும் விதத்தில்தான் பழுது. அந்தப் பழுது முதலில் தெரிவது, கையேந்தி நிற்பவனுக்கே. அதைச் சொல்ல அவன் புலவனாக வேண்டியதில்லை. அவன் சொல்வதை அவமரியாதை என்று ஒதுக்குவது தவறு.

நன்னூலின் பாயிரத்தில் ஆசிரியர் ஆகாதவர் யார் என்பது முன்னால் வருகிறது. மாணாக்கர் ஆகாதவர் யார் என்பது அதற்குப் பின்னர்தான்.