களத்தில் ஆசாரம்

விளையாட்டுத் தொடங்குமுன் செய்யப்படும் வணக்கமும், முடிந்தபின் செய்யப்படும் மரியாதையும் வீண் காலப்போக்கென்பர் சிலர். வெற்றியும் தோல்வியும் வலிமையினாலும் பயிற்சியினாலும் வருவன. சடங்கினால் வரும் பிரயோசனம் என்னை என்பது அவர் கூற்று. அதனை ஈண்டு ஆராய்வாம்.

யப்பான் தேசத்துச் சுமோ மற்போரை நோக்குக. போட்டித்தொடர் தொடங்குதற்கு முதனாள் அங்கே மற்களத்துக்குப் பூசை நிகழும். உப்பு, கழுவிய அரிசி, கடற்பாசி முதலியன களத்தின் நடுவே புதைக்கப்படும். மேனிலை மல்லர் நீரால் வாய் கொப்புளித்து, உப்பைத் தூவி, படைக்கலம் ஒளித்திலேம் என்று காட்டுவார்போல இரு கைகளையும் விரிப்பர். பொருது முடிந்தபின் இருவரும் ஒருவரையொருவர் வணங்குவர். வென்றவன் களத்திலே ஆர்ப்பரித்தல் இழுக்கெனப்படும். இவற்றுள் ஒன்றேனும் மல்லனுடைய தோள்வலியை மிகுவிப்பதன்று. எதிர்நிற்பவன் பகைவனல்லன், தன்னோடொத்தவன் என்பதை உடம்புக்குப் பழக்குதலே அவற்றின் பயனாம். சினமுஞ் செருக்கும் எழும் வேளையிலே உபதேசம் செவியில் ஏறாது. பழகிய உடம்பே மனத்தைத் தடுக்கும்.

ஆயினும், அவ்வாசாரமே 2018ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆந் திகதி வேறொன்றையுங் காட்டிற்று. கியோத்தோ மாகாணத்து மாய்சுரு நகரிலே, மற்களத்தின்மீது நின்று பேசிய நகரபிதா மயங்கி வீழ்ந்தார். தாதி ஒருவர் உள்ளிட்ட பெண்கள் சிலர் விரைந்தேறி முதலுதவி செய்தனர். பெண்கள் அக்களத்தை மிதித்தலாகாதென்பது வழக்காதலின், அவரை இறங்கும்படி நடுவர் ஒருவர் ஒலிபெருக்கியிலே பலமுறை கூறினார். நகரபிதா உயிர் பிழைத்தார். சுமோச் சங்கத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். பிறரை மதிக்கப் பழக்கும் ஆசாரம், பிறருயிர் காப்பாரை விலக்கப் புகுந்தபொழுது தன் பயனை இழந்தது.

இதுகொண்டு ஆசாரத்தை முழுதும் விடுக என்னலாமோ? என்னலாகாது. உமி நீங்கிய அரிசி முளையாது. உமியை மாத்திரம் வைத்திருப்பவன் பசி தீரான். சிவகோசரியார் செய்த ஆகம பூசையை இறைவன் தள்ளினாரல்லர். கண்ணப்பருடைய அன்பைக் காட்டி, பூசை எதன்பொருட்டென்பதை அவருக்கு உணர்த்தியருளினார்.

ஆதலின், சைவப் பாடசாலை ஆசிரியர்களுக்கு நாம் விண்ணப்பிப்பது இது. மாணாக்கர் திருநீறணிந்து வணங்கிக் களம்புகும் வழக்கம் உள்ளவிடத்து அதனைக் கைவிடற்க. ஆனால், அவர் வேண்டுவது யாதென்று வினவுக. “எம்மை வெல்விப்பாய்” என்று வேண்டுதல், எதிரணியிற் பிள்ளைகளைத் தோற்பிப்பாய் என்று வேண்டுதலேயாம். அப்பிள்ளைகளுக்கும் தந்தை இறைவனே. வென்றாற் செருக்காமலும் தோற்றாற் சோராமலும் காத்தருள வேண்டுமென்று கேட்கப் பழக்குக. வென்ற மாணாக்கன் தோற்றவனிடந் தானே சென்று கைகூப்புக. எவனாயினும் காயமுற்று வீழ்ந்தால் ஆட்டம் நிற்க. ஓடிச்சென்று தூக்குபவன் எவ்வணியினன், எக்குலத்தினன் என்று ஒருவருங் கேளாதிருக்க. அவன் அப்பிள்ளையைத் தூக்குதலும் சிவபூசையேயாம்.

திருவருள் துணைபுரிக.